பட்டத்திற்கு முன்னரே பழக வேண்டிய தொழில்

வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களையே நம்பி இறுதியாண்டு வரையில் காத்திருக்கும் நம் மாணவர்களில் பலர், 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் என்று ஒன்று இருப்பதையும், 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் பொறியியல் பட்டதாரிகளுக்கன்றி ஏனைய பட்டதாரிகளுக்கும் அதன் வாயில் திறந்துவிடப்பட்டதையும், சென்னைத் தரமணியில் அதற்கெனத் தென்மண்டல வாரியம் ஒன்று இயங்கி வருவதையும் அறியாதிருப்பது விசனத்துக்குரியது. பயிற்சி முடிந்ததும் உத்தியோகம் அளித்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் நிறுவனத்துக்கு இல்லைதான். எனினும் உதவித்தொகையோடு தொழில் பழகும் வாய்ப்பை அலட்சியம் செய்வது விவேகமாகாது.

ஆனால் பட்டம் பெறும் வரையில் சும்மா இருக்க வேண்டுவதில்லை. இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே, தன் ஊர்த் தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் அமர்ந்து, ரசீதுகளைப் பகுத்து, சரக்கு சேவை வரிப் படிவங்கள் நிரப்பப்படும் முறையைக் கூர்ந்து கவனித்த வணிகவியல் மாணவி, நேர்காணலில் தன் சொந்த அனுபவத்தையே எடுத்துரைப்பாள். மற்றவர்களோ, இணையத்தில் ஒரே இரவில் சேகரித்த சான்றிதழ்களை (அவற்றின் அழகிய முத்திரைகளுக்குக் குறைவில்லை!) நீட்டுவார்கள், இரண்டாவது வினாவிலேயே அவர்களுடைய ஞானத்தின் ஆழம் வெளிப்பட்டுவிடும். பயிற்சி தருகிறோம் என்று கூறி மாணவரிடமே கட்டணம் கேட்கும் நிறுவனங்களும் இன்று மலிந்துள்ளன. அவற்றிடம், பணம் கட்டுமுன், எந்த வேலை, யாருடைய மேற்பார்வையில், எத்தனை வாரம் என்று எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுவது அவசியம்.