எல்லாம் புரிதல் கோளாறுதானா?

இலக்கிய முகாமிலோ வாசகர் வட்டத்திலோ நாடகக் குழுவிலோ தனக்கு நேர்ந்ததை ஒரு பெண் சொல்ல ஆரம்பித்ததும், நம்மவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது இதுதான்: “அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லம்மா, நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட.” எதிர்த்தரப்பை இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்குள் தீர்ப்பு தயார்.

புரிதல் கோளாறு என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லவரவில்லை. உண்டு. நடுராத்திரி அனுப்பிய செய்தியை ஒருவர் வெறும் கவிதை உற்சாகத்தில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அது கோளாறுதான் என்பது விசாரித்த பிறகு தெரியவேண்டிய விஷயம். நாமோ விசாரிக்காமல் இருப்பதற்கே அதைக் காரணமாக்குகிறோம்.

அடுத்து வருவது, “நாமெல்லாம் ஒரே குடும்பம், உக்காந்து பேசித் தீர்த்துக்கலாம்.” மண்டப வாடகைத் தகராறு என்றால் பேசித் தீர்க்கலாம். பயந்துபோனவளையும் பயமுறுத்தியவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, அவருடைய இருபதாண்டு நண்பர் நடுவராக இருந்தால், அதற்குச் சமரசம் என்றா பெயர்?

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதை யோசித்திருக்கிறது. புகார் சொன்ன பெண் தானாகக் கேட்டால் மட்டுமே சமரசம்; அதுவும் பணம் கொடுத்துச் சரிக்கட்டுவதாக இருக்கக் கூடாது. புகார்க் குழுவில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அதைப் பொய்ப் புகார் என்று தண்டிக்க முடியாது. நிரூபணம் ஆகாததற்கும் பொய்க்கும் நடுவே இடம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் உண்மையான புரிதல் கோளாறும் அங்கேதான் இருக்கிறது.

“அதெல்லாம் ஆபீஸுக்குங்க, நாங்க சும்மா கூடிப் பேசுறவங்க.” சரி, சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாமல் இருக்கலாம். அதற்காகக் காத்திருந்தால் என்னவாகும் என்பதற்குக் கேரளத் திரையுலகத்தைப் பாருங்கள். படப்பிடிப்பு நடக்கும் இடத்திலும் புகார்க் குழு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2022 ஆனது. 2017இல் அமைத்த ஹேமா குழு 2019 கடைசியில் கொடுத்த அறிக்கை, பல பகுதிகள் மறைக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் மக்கள் கைக்கு வந்தது.

கதவையெல்லாம் அடைத்த பிறகு அவள் முகநூலில் எழுதினால், “எங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே” என்று கோபம் வேறு. சொன்னாள், நீங்கள் கேட்கவில்லை. முகநூல் விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயம் கிடைக்காது என்பது உண்மை. அப்படியானால் ஒழுங்கான விசாரணை அவருக்கும்தானே பாதுகாப்பு?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. புகார் கேட்க இரண்டு பேர், ஒருவராவது பெண், ஒருவராவது குழுவுக்கு வெளியே இருப்பவர். சொல்வதை எழுதி வாங்க வேண்டும். விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவருக்கு மேடை கிடையாது. அது தண்டனை அல்ல என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதத்தில் முடிவை இருவருக்கும் எழுத்தில் தர வேண்டும். இதையெல்லாம் பிரச்சினை வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். வந்த பிறகு எடுக்கும் எந்த முடிவும் யாரோ ஒருவருக்குச் சாதகமானதாகத்தான் தெரியும்.

மூன்று நாள் முகாமுக்குச் சாம்பார் அளவுவரை கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நாம். அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, நன்றியுரை என்று பெயர்களை அடுக்கும்போது இந்த இரண்டு பெயர்களையும் தொலைபேசி எண்ணோடு சேருங்கள். அதற்கு மனமில்லை என்றால், பெண்கள் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்று மேடையில் வருத்தப்படுவதையாவது நிறுத்திக்கொள்ளுங்கள்.