சிறுத்தையைக் காணாட்டியும் பரவாயில்லை

எங்களில் ஒருத்தியின் மச்சாள் மெல்பேர்னில் இருக்கிறா. கங்காரு, கோவாலா, குக்கபரா எண்டு அவ அனுப்பாத படமில்லை. போன மாதம் பிலிப் தீவுக்குப் பெங்குவின் பார்க்கப் போனதாகச் சொன்னா. ஆனால் ஒரு படமும் வரவில்லை. "எங்க ஃபோட்டோ?" எண்டு கேட்டால், "அங்க எடுக்க விடமாட்டினம்" எண்டு பதில்.

முதலில் சிரித்தம். படம் இல்லாமல் பெங்குவின் பார்த்ததுக்கு என்ன சாட்சி? பிறகு தேடிப் பார்த்தால், உண்மைதான். மெல்பேர்னில் இருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிற அந்தத் தீவில், பொழுதுபட்ட பிறகு சின்னப் பெங்குவின்கள் கடலில் இருந்து கரையேறி, மணலைக் கடந்து தங்கட பொந்துகளுக்குப் போகும். உயரம் ஒரு அடி அளவுதான். அதைப் பார்க்க எங்கெங்கோ இருந்து சனம் காசு கட்டி வருகுது. ஆனால் அங்க கமராவாலயோ ஃபோனாலயோ படம் எடுக்கக்கூடாது. வெளிச்சம் பட்டால் அதுகள் மிரளும் எண்டதால் எல்லாருக்கும் தடை. படம் வேணுமெண்டால் பூங்காக்காரர் எடுத்து வைத்திருப்பதைத் தரவிறக்கலாம். அப்படியிருந்தும் சனம் வருகுது. இதுதான் எங்களை யோசிக்க வைத்தது.

ஏனெண்டால் எங்கட கதை வேற.

போன வருசம் பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் ஆறு பேர் பாமன்கடையில் இருந்து இரவோடிரவாக வெளிக்கிட்டு ஒரு தேசியப் பூங்காவுக்குப் போனம். எந்தப் பூங்கா எண்டது முக்கியமில்லை. ஜீப்பில் ஏறினவுடன் சாரதியிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "ஐயே, இண்டைக்குக் கொட்டியாவைக் காட்டுவீங்களா?" அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. அவ்வளவுதான், ஜீப் பறந்தது. மயிலும் மானும் மரைகளும் புழுதிக்குள்ள மறைந்து போச்சு.

போய்ச் சேர்ந்த இடத்தில் எண்ணிப் பார்த்தம், 23 ஜீப். ஒரு பாலை மரக் கொப்பில் சிறுத்தை படுத்திருந்தது. கொஞ்சத்தால் இறங்கி வந்து பாதையைக் கடக்கப் பார்த்தது. இடைவெளி இல்லை. ரெண்டு தரம் வந்து நிண்டு பார்த்துவிட்டு, திரும்பிப் பற்றைக்குள்ள போய்விட்டது. அதையும் நாங்கள் வீடியோ எடுத்தம். வீட்டுக்கு வந்து பெருப்பித்துப் பார்க்கும்போதுதான் அதின் காது பின்பக்கம் ஒட்டிப்போய் இருந்ததைக் கண்டம். அந்தப் படத்தை வெட்டி, பக்கத்து ஜீப்பின் கூரையை எடுத்துவிட்டு, இன்ஸ்டாவில் போட்டம். 'காட்டின் அமைதி' எண்டு தலைப்பும் வைத்தம்.

2022 ஒக்ரோபரில் யாலவுக்குள்ள சில சொகுசு வாகனங்கள் தறிகெட்டு ஓடின வீடியோ வெளிவந்தபோது நாங்களும் கோபப்பட்டுப் பகிர்ந்தனாங்கள். அது காசுக்காரரின் திமிர் எண்டு எழுதினம். சரிதான். ஆனால் அந்தப் பற்றைக்குள்ள திரும்பிப் போன சிறுத்தைக்கு அவையளுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

சாரதியைக் குறை சொல்லுறது லேசு. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு எரிபொருள் வரிசை எண்டு அடி மேல அடி வாங்கின தொழில் அது. சிறுத்தையைக் காட்டினால் கையில் கொஞ்சம் கூட வைப்பம், காட்டாட்டி முகத்தை நீட்டுவம் எண்டு அவருக்குத் தெரியும். எங்கட ஆசையைத்தான் அவர் ஓட்டுறார்.

"அப்ப படமே எடுக்கக்கூடாதோ?" எண்டு சிலர் கேட்பீங்கள். எங்களுக்கும் அந்தக் கேள்வி வலிக்கும். அண்டைக்கு ஜீப்பில் ஒருத்தி "புலி, புலி!" எண்டு கத்த, மற்றவள் சட்டெண்டு அவளின் வாயைப் பொத்தி "சிறுத்தை எண்டு சொல்லடி" எண்டாள். எல்லாரும் சிரித்தம். ஆனால் அது அம்மாமார் எங்களுக்குள்ள வைத்த பயம். எங்கட நாட்டுக்கு மட்டுமே உரிய அந்தச் சிறுத்தை உபஇனத்தின் விஞ்ஞானப் பெயரிலயே 'கொட்டியா' எண்ட சிங்களச் சொல் இருக்கு. எங்கட பெற்றோர் அதே சொல்லை வேற இடங்களில், வேற தொனியில் கேட்டவை. கமராவைத் தூக்கிக்கொண்டு நாடு சுத்துறதை அவை நினைத்தும் பார்த்திருக்கமாட்டினம். எங்களுக்குக் கிடைத்திருக்கிற இந்தச் சுதந்திரத்தை ஒருத்தரும் பறிக்கவேணாம். ஆனால் பாதையைக் கடக்கிற சுதந்திரம் அந்த மிருகத்துக்கும் வேணுமே.

படத்தில் பிழை இல்லை. 'கிட்டப் போன படம்', 'எனக்கு மட்டும் கிடைத்த படம்' எண்ட பசியில்தான் பிழை. மன்னாரிலும் இதே பசிதான். பூநாரைகள் அங்க இரை தேடி வருகுதுகள். வங்காலைச் சரணாலயம் 2010 இல் இருந்து ராம்சார் ஈரநிலம். ஆனால் நிண்டு மேய்கிற பறவை எங்களுக்குப் போதாது. சிறகு விரித்த இளஞ்சிவப்பு வேணும், அதுக்காகக் கிட்டப் போய்க் கலைப்பம். எங்களுக்கு அது ஒரு கிளிக். அதுக்கு, சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்பிப் பறக்கிற வீண் செலவு.

பிலிப் தீவு மாதிரி முழுத்தடை இங்க வரவேணும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை எண்டுதான் சொல்லுறம். கூட்டம் சேர்ந்த இடத்தில் நிக்காமல் விலகிப் போகலாம். ஃபிளாஷை நிப்பாட்டலாம். கண்ட இடத்தை உடனே பதிவில் போடாமல் விடலாம்.

பழகிப் பார்க்க யாலவுக்குப் போகவும் தேவையில்லை. கொழும்பு 2018 இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. 1990 இல் சரணாலயமாக்கின பெல்லன்வில - அத்திடிய சதுப்பு எங்களுக்குச் சில கிலோமீற்றர் தூரம்தான். அதுவும் தூரமெண்டால், எங்கட வாய்க்கால் ஓரத்தில் கபரகொய்யா வெயில் காயுது. அரை மணித்தியாலம் அசையாமல் இருந்தால் அது தன்ர பாட்டில் தண்ணிக்குள்ள இறங்கும். நாங்கள் இருந்து பார்த்தம். படம் சுமார்தான். ஆனால் அது எங்களைப் பார்த்து ஓடவில்லை.

அடுத்த முறை ஜீப்பில் ஏறும்போது சாரதியிடம் முதலில் சொல்லவேண்டிய வசனத்தை ஆறு பேரும் பாடமாக்கி வைத்திருக்கிறம்: "கொட்டியா நெத்தத் கமக் நெ, ஐயே." கொட்டியாவைக் காணாட்டியும் பரவாயில்லை, அண்ணை. மெல்லப் போங்கோ. கைக்காசு அதேதான்.