மனூல் என்னும் மலைப்பூனை

வேகமும் பாய்ச்சலுமே வேட்டைப் பிராணிகளின் இலட்சணம் என்று நாம் கொண்டிருக்கும் எண்ணத்தை, மங்கோலியாவின் பாறைச் சரிவுகளிலும் திபெத்தியப் பீடபூமியிலும் நம் தேசத்து லடாக்கின் சாங்தாங் வெளியிலும் வாசம் செய்யும் மனூல் பூனை தன் வாழ்க்கையாலேயே பொய்யாக்கிவிடுகிறது. ருஷ்யச் சக்கரவர்த்தினி இரண்டாம் காதரீனின் காலத்தில் சைபீரியா வரை சஞ்சரித்த ஜெர்மானிய அறிஞர் பீட்டர் சைமன் பல்லாஸ், 1776-ஆம் ஆண்டு இதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தபோது, அடர்ந்த ரோமத்தையும் தட்டையான முகத்தையும் கண்டு, பாரசீகப் பூனையின் மூதாதை இதுவாயிருக்கலாம் என்று கருதினார். அந்த ஊகம் பின்னர் நிலைக்கவில்லை.

பார்வைக்குப் பருத்த சரீரமாகத் தோன்றினாலும் இதன் எடை 2.5 முதல் 4.5 கிலோவுக்குள்தான், மற்றதெல்லாம் ரோமமே. உறைந்த தரையில் வயிறு பதியப் படுத்துக் காத்திருக்க வேண்டியிருப்பதால், முதுகைக் காட்டிலும் வயிற்றில் அது நீண்டு அடர்ந்திருக்கிறது. பாறைக்கு மேலாக எட்டிப் பார்க்கையில் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுக்காவண்ணம் காதுகள் தலையின் இருபுறமும் தாழ அமைந்திருப்பதும், வீட்டுப் பூனைக்குப் போலன்றிக் கண்மணிகள் வட்டமாகவே சுருங்குவதும் எனக்குத் தீராத வியப்பைத் தருகின்றன. கால்களோ குட்டை, ஓட்டத்தில் தேர்ச்சி கிடையாது. ஆகவே கழுகோ ஓநாயோ நெருங்கினால், தரையோடு தரையாக ஒடுங்கி அசையாதிருந்துவிடுகிறது. முயலினத்தைச் சேர்ந்தும் உள்ளங்கையில் அடங்கத்தக்க பிக்காக்களே இதன் பிரதான ஆகாரம். அவற்றின் வளைவாயிலில் இது காத்துக் கிடக்கும் பொறுமையைத் தவம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-இல் இதனைக் கவலைக்குரியதல்லாத இனங்களின் வரிசையில் சேர்த்தது. அந்த ஆறுதல் எனக்குப் போதவில்லை. மேய்ச்சல் நிலத்தைப் பாழாக்குகின்றன என்று பழி சுமத்தித் திபெத்தியப் பீடபூமியில் பல்லாண்டுகளாகப் பிக்காக்களுக்கு விஷம் வைத்து வந்தார்கள்; அதனால் மனூலின் ஆகாரம் அற்றுப் போகிறது. மார்மட் என்னும் பெரிய மலையணில்களை மங்கோலியாவில் தோலுக்காகவும் மாமிசத்துக்காகவும் வேட்டையாடுகிறார்கள். தானாக வளை தோண்டிக்கொள்ளாத மனூல், அவை கைவிட்ட வளைகளில்தான் பெரும்பாலும் ஒண்டுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் குட்டி ஈனும் தாய்க்கு, மார்மட் அற்றுப்போன சரிவில், மேய்ப்பரின் நாய்கள் எட்டாத புகலிடம் கிடைப்பது அரிது.