கால்பந்துக் காரணம் என்னும் கற்பிதம்

வயதேறிய, பெயர் கெட்டுப்போன ஆட்டக்காரர் ஒருவரை ஒரு கழகம் ஒப்பந்தம் செய்யும்போதெல்லாம் அதன் ரசிகர்களிடையே மூளும் சண்டையை நாம் பலமுறை பார்த்தாயிற்று. ஊரும் பெயரும் மாறுகின்றன, வசனங்கள் மாறுவதில்லை. ‘ஆட்டத்தை மட்டும் பாருங்கள்’, ‘எல்லோருக்கும் இரண்டாவது வாய்ப்பு உண்டு’, ‘தீர்ப்புச் சொல்ல நீங்கள் யார்?’ இலக்கிய நண்பர்கள் இச்சண்டைக்குள் நுழைந்தால் நான்காவதாக ஒன்றையும் கையோடு கொண்டுவருவார்கள்: படைப்பையும் படைப்பாளியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்நான்கில் எதுவும் இவ்விஷயத்தில் செல்லுபடியாகாது என்பதே நம் தரப்பு. நான்காவது நம் வீட்டுச் சரக்கு என்பதால் அதன்மீது கோபம் சற்று அதிகம்.

பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே குறிப்பிட்ட ஒரு கழகத்தை எடுத்துக்கொள்வோம்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபைஃப் பகுதியில் இருக்கும் ஊர் கர்க்கால்டி. 1723இல் ஆடம் ஸ்மித் பிறந்த ஊர். பிற்காலத்தில் லினோலியம் தயாரிப்புக்குப் பேர்போனது. அவ்வூரின் அணி 1883இல் தொடங்கப்பட்ட ரெய்த் ரோவர்ஸ். மைதானம் ஸ்டார்க்ஸ் பார்க். பெரிய அணியல்ல. 1994 நவம்பரில் செல்டிக் அணியைப் பெனால்டி உதைகளில் வென்று லீக் கோப்பையைக் கைப்பற்றியதும், 1995இல் பயர்ன் ம்யூனிக் அணியை அதன் ஊரிலேயே எதிர்கொண்டு இடைவேளையில் 1–0 என முன்னிலையில் இருந்ததுமே அதன் பெருமைகள். அந்த ஆட்டத்தில் அது இறுதியில் தோற்றது. ஆனால் இடைவேளையின்போது எடுக்கப்பட்ட கோல் பலகையின் புகைப்படத்தை அவ்வூர் ரசிகர்கள் குலதெய்வப் படம்போல் போற்றுகிறார்கள். சிறிய அணிகளை நேசிப்பவர்களுக்கு மட்டும் வாய்க்கும் மகிழ்ச்சி அது. பார்சிலோனா ரசிகருக்கு அது விளங்காது.

இக்கழகம் 2022 ஜனவரி 31ஆம் தேதி, ஒப்பந்தங்களுக்கான கடைசி நாளில், கிளைட் அணியிலிருந்து டேவிட் குட்வில்லி என்ற முன்கள ஆட்டக்காரரை இரண்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியது. அப்போது அவருக்கு வயது 32. இன்னும் இரண்டு மாதத்தில் 33. ஸ்காட்லாந்து தேசிய அணிக்காக மூன்று ஆட்டங்கள் ஆடியவர். கிளைட் அணிக்காக ஐந்தாண்டுகளில் நூறு கோல்களுக்குமேல் அடித்தவர். இவை ஒரு பக்கம். மறுபக்கத்தில், 2011இல் நடந்த ஒரு நிகழ்வுக்காக, அவரும் இன்னொரு ஆட்டக்காரரும் ஒரு பெண்ணை வன்புணர்ந்தார்கள் என்று 2017 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஒரு லட்சம் பவுண்டு இழப்பீடு வழங்க உத்தரவிட்டிருந்தது. குற்றவியல் வழக்கு நடக்கவில்லை. ஆதாரம் போதாது என்று அரசுத் தரப்பு 2011இலேயே அதைக் கைவிட்டது. அந்தப் பெண் தானே போராடி உரிமையியல் நீதிமன்றத்துக்குச் சென்றார். குட்வில்லி குற்றச்சாட்டை மறுத்தார், மேல்முறையீடு செய்தார், அதிலும் தோற்றார்.

இவை அனைத்தையும் அறிந்துதான் கழகம் அவரை வாங்கியது. எதிர்ப்பு எழுந்ததும் ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்தாண்டுகளுக்குமுன் நடந்ததன் தீவிரத்தை உணர்கிறோம், மறுவாழ்வை ஆதரிக்கிறோம், ஆயினும் முதன்மையாக இது கால்பந்து தொடர்பான முடிவு. இவ்வளவே அதன் சாரம்.

‘கால்பந்து தொடர்பான முடிவு’. இச்சொற்சேர்க்கையைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். முழங்கால் வலி உள்ள தடுப்பாட்டக்காரரை வாங்கலாமா என்பது கால்பந்து தொடர்பான முடிவு. முன்களத்தில் ஒருவரை நிறுத்துவதா, இருவரை நிறுத்துவதா என்பதும் அப்படியே. ஒரு நீதிமன்றத் தீர்ப்பைத் தராசின் ஒரு தட்டிலும் நூறு கோல்களை மறுதட்டிலும் வைத்துக் கோல்களின் பக்கம் தாழ்கிறது என்று அறிவிப்பது அறம் தொடர்பான முடிவு. அதை எடுத்துவிட்டு, எடுக்கவில்லை என்று சொல்வதற்கே அந்தச் சொற்சேர்க்கை பயன்படுகிறது. கழகம் வெளிப்படையாக ‘எங்களுக்குக் கோல்தான் முக்கியம்’ என்று சொல்லியிருந்தால் அதன்மீது குறைந்தபட்ச மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

இனி ரசிகர்களிடம் வருவோம். கர்க்கால்டியில் பிறந்த குற்றப்புனைவு எழுத்தாளர் வால் மெக்டெர்மிட் இக்கழகத்தின் வாழ்நாள் ரசிகை. அவருடைய தந்தை இதே கழகத்துக்காக இளம் ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பணி செய்தவர். தந்தையின் நினைவாக மெக்டெர்மிட் மைதானத்தின் ஒரு பார்வையாளர் மாடத்துக்குப் புரவலரானார். கழக நிர்வாகக் குழுவிலும் இருந்தார். 2014 முதல் அணியின் சட்டையில் அவர் பெயர் இருந்தது. குட்வில்லி ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட மறுநாளே தன் புரவலர் பணத்தையும் ஆதரவையும் விலக்கிக்கொண்டார். பத்தாண்டுகள் ஆடிய பெண்கள் அணித் தலைவி வெளியேறினார். நிர்வாகக் குழுவினர் இருவர் பதவி விலகினர். சிறுவயது முதலே இவ்வணியின் ரசிகரான முன்னாள் பிரதமர் கார்டன் பிரவுன் கண்டித்தார். பெண்கள் அணி கழகத்திலிருந்து பிரிந்து, மெக்டெர்மிட் லேடீஸ் என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டது.

எழுத்தாளரின் செயல்தான் உலகச் செய்தியானது. அணித் தலைவியின் செயலே கனமானது என்பது நம் எண்ணம். ஒருவர் விலக்கிக்கொண்டது பணத்தையும் பெயரையும். மற்றவர் விட்டுக்கொடுத்ததோ தான் ஆடும் ஆட்டத்தையே. இதைச் சொல்வது மெக்டெர்மிட்டைக் குறைப்பதற்காக அல்ல. பிணங்களையும் கொலைகளையும் எழுதிப் பிழைப்பவருக்கு இவ்வளவு ஒழுக்கம் எதற்கு என்று கேலி செய்யக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு. வன்முறையைப் பல்லாண்டுகள் தன் மேசையில் வைத்துப் பிரித்துப் பார்த்த ஒருவருக்கு அது கதையல்லாத இடத்தில் எப்படித் தோன்றும் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

இப்போது நம் வீட்டுச் சரக்கு. படைப்பு வேறு, படைப்பாளி வேறு. எழுதப்பட்டு முடிந்த நூலைப் பொறுத்தவரை இதில் ஒரு நியாயம் இருக்கிறது. எழுதியவர் கொடியவராயினும் வரி வரிதான். அதை நாம் தனியே உட்கார்ந்து வாசிக்கிறோம். நம் வாசிப்பால் யாருக்கும் மாலை விழுவதில்லை. குட்வில்லி கிளைட் அணிக்காக அடித்த கோல்களை ஆவணங்களிலிருந்து அழிக்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் என்பது முடிந்துபோன படைப்பன்று. அது இனி நடக்கப்போவதற்கான அழைப்பு. அலமாரியில் இருக்கும் புத்தகத்தைத் தூக்கி எறியாமலிருப்பது வேறு. அதை எழுதியவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, கைதட்டும்படி நம்மிடம் கேட்பது வேறு. முதலாவதற்கான நியாயத்தை இரண்டாவதற்கு நீட்டுவது தந்திரம். நம் இலக்கியச் சூழலில் இத்தந்திரத்தை நாம் அறியாதவர்கள் அல்ல, கையாளாதவர்களும் அல்ல.

மேலும், ஆட்டக்காரர் அணியும் சட்டை எழுத்தாளரின் பேனாவைப் போன்றதல்ல. அது ஊருடையது. அவ்வூர்ச் சிறுமி அதே சட்டையைப் பிறந்தநாளுக்குக் கேட்டு வாங்குகிறாள். கோல் விழும்போது ரசிகர் ‘அவர் அடித்தார்’ என்று சொல்வதில்லை, ‘அடித்துவிட்டோம்’ என்கிறார். ஆங்கிலத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல். தமிழ் இவ்விடத்தில் அதிக நேர்மையுடையது. ரசிகர் சொல்வது ‘நாம்’; கேட்பவரும் அதனுள் இருக்கிறார். கழக அறிக்கை சொல்வதோ ‘நாங்கள்’; கேட்பவருக்கு அதனுள் இடமில்லை. சீட்டு விற்கும்போது ‘நம் அணி’, முடிவெடுக்கும்போது ‘எங்கள் முடிவு’. ரசிகர்கள் அந்த வாரம் கொதித்ததன் காரணம் இதில்தான் இருக்கிறது. தங்கள் ‘நாம்’ தங்களைக் கேளாமல் இன்னொருவர் தோளில் போர்த்தப்பட்டதை அவர்கள் மறுத்தார்கள். இதற்கு அவர்கள் நீதிபதிகளாக இருக்க வேண்டியதில்லை. கைதட்டலைக் கொடுக்கும் உரிமை உள்ளவர்களுக்கு மறுக்கும் உரிமையும் உண்டு.

இடையில் ஒன்று. ஆடம் ஸ்மித் 1759இல் வெளியிட்ட அறவுணர்ச்சிகள் பற்றிய நூலில் நடுநிலையான பார்வையாளர் என்றொரு கருத்து வருகிறது. நம் செயலை வெளியே நின்று, நம்மீது பற்றோ பகையோ இன்றி நோக்கும் ஒருவரை நாம் நமக்குள் கற்பித்துக்கொள்கிறோம் என்பது அது. கால்பந்து ரசிகரோ உலகிலேயே நடுநிலை அற்ற பார்வையாளர். தன் அணிக்கு எதிரான பெனால்டி ஒவ்வொன்றும் அநியாயம் என்று நம்புபவர். அப்படிப்பட்டவர் தன் அணிக்கு எதிராகவே எழுந்து நிற்கிறார் என்றால், அதை ‘உணர்ச்சிவசப்பட்ட கும்பல்’ என்று ஒதுக்குவது எவ்வகையில் சரி? அது நிகழ்ந்தது ஸ்மித்தின் ஊரிலேயே என்பது தற்செயல்தான். ஆனாலும் நமக்குப் பிடித்த தற்செயல்.

இரண்டாவது வாய்ப்பு. இதைச் சொல்பவர்களில் நல்லவர்கள் பலர் உண்டு. ஆகவே பொறுமையாகவே பேசுவோம். எரிக் காந்தோனா 1995 ஜனவரியில் ஒரு பார்வையாளரை உதைத்தார். எட்டு மாதத்துக்குமேல் ஆடத் தடை. 120 மணிநேரச் சமூகப் பணி. இரண்டையும் முடித்துவிட்டு அக்டோபரில் திரும்பினார். அது இரண்டாவது வாய்ப்பு. அதில் தண்டனை இருந்தது, அதை ஏற்றுக் கடந்துவந்ததும் இருந்தது. செய்ததை மறுப்பவருக்கு, தீர்ப்பை ஏற்காதவருக்கு எதிலிருந்து மறுவாழ்வு? மறுப்பது அவருடைய உரிமை. அதைப் பறிக்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் மறுப்பும் மறுவாழ்வும் ஒரே வாக்கியத்தில் உட்கார முடியாது. தவிர, வேலை செய்யும் வாய்ப்பு அவருக்கு 2017லேயே கிடைத்துவிட்டது. ஐந்தாண்டுகள் ஆடினார், சம்பளம் பெற்றார். கர்க்கால்டியில் கேட்கப்பட்டது வாய்ப்பன்று, பதவி உயர்வு.

இங்கே நம் தரப்புக்குச் சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது, அதை ஒளிக்கப்போவதில்லை. அந்த ஐந்தாண்டுகளும் இவ்வளவு கொந்தளிப்பு ஏன் எழவில்லை? கிளைட் கீழ்ப்பிரிவு அணி, செய்தியாளர் பார்வை படாத இடம் என்பது ஒரு பதில். புகழ்பெற்ற பெயரொன்று விலகிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது என்பது இன்னொன்று. இரண்டுமே நமக்குப் பெருமை சேர்ப்பவை அல்ல. அறச்சீற்றம் விளம்பர வெளிச்சத்தில்தான் வளர்கிறது என்று எதிர்த்தரப்பு சொன்னால் பாதி உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நேற்று பேசாதவர் இன்றும் பேசக்கூடாது என்ற முடிவுக்கு அதிலிருந்து வர முடியாது. அப்படியானால் எவரும் எப்போதும் எதையும் பேசத் தொடங்கவே முடியாது.

‘குற்றவியல் நீதிமன்றம் தண்டிக்கவில்லையே’ என்போருக்குப் பிரேசிலை நினைவூட்டுகிறோம். 2013இல் மிலான் நகரில் நடந்த கூட்டு வன்புணர்வுக்காக ரொபின்யோவுக்கு 2017இல் இத்தாலியக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்பதாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தது. 2020 அக்டோபர் 10ஆம் தேதி, பேலேயின் கழகமான சாண்டோஸ் 36 வயது ரொபின்யோவை, தன் பழைய செல்லப்பிள்ளையை, மீண்டும் ஒப்பந்தம் செய்தது. அங்கே சொன்ன காரணம் என்ன? ‘இறுதித் தீர்ப்பு வரவில்லையே.’ குற்றவியல் தீர்ப்பு இல்லாத இடத்தில் அது வேண்டும் என்பார்கள். அது வந்த இடத்தில் இறுதித் தீர்ப்பு வேண்டும் என்பார்கள். படிக்கட்டு நீண்டுகொண்டே போகும். சாண்டோஸ் ஆறே நாளில் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. ரசிகர்கள் எதிர்த்தார்கள் என்பது உண்மை. ஒரு விளம்பரதாரர் விலகி, மற்றவர்களும் விலகுவதாக மிரட்டியதும் உண்மை. எது அதிகம் வேலை செய்தது என்று ஊகிக்க நமக்குப் பெரிய கற்பனை தேவையில்லை. 2022 ஜனவரியில் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. 2024 மார்ச்சில் அவர் பிரேசிலில் சிறைக்குச் சென்றார். சாண்டோஸ் அரங்கில் பிடிவாதமாகக் கைதட்டக் காத்திருந்தவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ரெய்த் ரோவர்ஸ் மூன்றே நாளில் பின்வாங்கியது. தவறு செய்துவிட்டோம், அவர் அணியில் ஆடமாட்டார் என்றது. தவறு எது என்று புரிந்துதான் சொன்னதா என்பதில் நமக்கு ஐயமுண்டு. ஏனெனில் மார்ச் முதல் தேதியே அவரை அதே கிளைட் அணிக்கு இரவலாக அனுப்பியது. தன் மைதானத்துக்கு ஆகாதவர் அடுத்த ஊர் மைதானத்துக்கு ஆவார் என்பது என்ன நியாயம்? இம்முறை கிளைட்டின் பெண்கள் அணியினரும் வெளியேறினார்கள். மைதானத்துக்கு உரிமையுள்ள உள்ளாட்சி மன்றம் அவரை உள்ளே விடமாட்டோம் என்றது. இரவல் ஒப்பந்தம் சில நாளில் முடிந்தது. ரெய்த் ரோவர்ஸ் சட்டையில் ஓர் ஆட்டமும் ஆடாமல் 2022 செப்டம்பரில் அவர் விலகினார். அவர் இல்லாமலேயே அவ்வணி அந்த ஏப்ரலில் ஒரு சிறு கோப்பையை வென்றது. அதை வாதமாக வைக்கமாட்டோம். தோற்றிருந்தாலும் நம் தரப்பு இதுவே.

2023 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவு அணியான ராட்க்ளிஃப் அவரைக் களமிறக்கியது. ஒரே ஆட்டம், மூன்று கோல்கள். ஒரு முன்கள ஆட்டக்காரருக்கு இதைவிடச் சிறந்த கால்பந்துக் காரணம் இருக்க முடியாது. அந்த மூன்று கோல்களைக் கையில் வைத்துக்கொண்டே ராட்க்ளிஃப் அவரை விடுவித்தது.