அரை பாட்டில் ரொட்டி

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தவன் சும்மா கரும்பைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கலாம். விதி! ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரன் பெங்களூரில் யார் வீட்டிலோ விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து, "சாக்லேட் ரொட்டிடா... பீர் ஊத்திப் பண்ணினது. ஈஸ்ட் வேணாம், பிசையவே வேணாம்" என்று ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தான். எனக்கு 'பிசையவே வேணாம்' என்கிற இடம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. செய்முறையை எழுதி வாங்கி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மணலூர்பேட்டைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் ஊரில் பொங்கலை விட தை 5-தான் விசேஷம். அன்றைக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் புறப்பட்டு வந்து தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண்பார். சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் ஆற்று மணலில்தான் இருக்கும். பாதிப் பேர் எங்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு முறுக்கு, அதிரசத்தோடு சாக்லேட் ரொட்டியும் கொடுத்து அசத்துவது என்று முடிவு செய்தேன். தை 3 அன்று ஒத்திகை.

மைதா, கோகோ, வெண்ணெய், சாக்லேட் பிரச்னை இல்லை. பிரச்னை அந்த பாட்டில்! அப்பா இந்த ஊரில் முப்பது வருஷம் வாத்தியார். நான் பெட்டிக் கடையில் தீப்பெட்டி வாங்கினாலே சாயங்காலத்துக்குள் வீட்டுக்குத் தகவல் போய்விடும். அதனால் திருக்கோவிலூர் போனேன். கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே (துடைப்பது போல மறைத்துக்கொண்டே) கடை வரிசையில் நின்றால், எனக்கு முன்னால் நின்றவரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பினார். எங்கள் மாமா!

"ஏன் மாப்ளே, நீ எங்க இங்க?"

"கேக் பண்றதுக்கு மாமா. செய்முறையில போட்டிருக்கு."

மாமா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு கம்பீரமாக, "நானும் அதுக்குத்தான்" என்றார்.

அப்புறம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. பாட்டிலை முருங்கைக் கீரைக் கட்டுக்கு அடியில் வைத்து வீடு வந்து சேர்ந்தேன். அந்தக் கீரையைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டது தனிக் கதை.

இனி சமையல். 300 கிராம் மைதா, 50 கிராம் கோகோ, 150 கிராம் சர்க்கரை, ஒரு பெரிய ஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை ஸ்பூன் உப்பு. எல்லாவற்றையும் சலித்து, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், பாதி பாட்டில் பீர், அதாவது 325 மில்லி. பீரை ஊற்றியதும் நுரை பொங்கும், பயப்படவேண்டாம். கரண்டியால் நாலு கிண்டு கிண்டி, ஒடித்த சாக்லேட் துண்டு 100 கிராமைப் போட்டு நிறுத்திவிடவேண்டும். ஆர்வக் கோளாறில் அடித்துக் கலக்கினால் மைதாவில் இருக்கும் பசை முறுக்கிக்கொண்டு, ரொட்டி செருப்புத் தோலாகிவிடும். என் முதல் ரொட்டி அப்படித்தான் ஆனது. பக்கத்துத் தெரு நாய்கூட மோந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

ஓவனா? எங்கள் வீட்டில் ஏது! ஊர் பேரிலேயே மணல் இருக்கும்போது ஓவன் எதற்கு? பழைய பிரஷர் குக்கரின் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டு (இதை மறந்தால் ரொட்டி கூரையில் வேகும்), அடியில் இரண்டு விரற்கடை மணல். மூன்று தண்ணீர் கழுவிக் காயவைத்த மணல். அதன்மேல் ஒரு பிரிமணை, அதன்மேல் வெண்ணெய் தடவிய பாத்திரம். முதலில் பத்து நிமிஷம் வெறும் குக்கரைக் காயவிட்டு, பிறகு மாவை உள்ளே வைத்து, சிறு தீயில் ஒரு மணி நேரம். ஈர்க்குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக்கூடாது.

பீர்தான் மாவை உப்பவைக்கிறது என்று நண்பன் சொல்லியிருந்தான். அது முக்காலும் கப்ஸா. பாட்டிலில் அடைத்து விற்கிற பீரைப் பெரும்பாலும் வடிகட்டி, சூடு காட்டித்தான் அனுப்புகிறார்கள். அதில் வேலை செய்கிற ஈஸ்ட் இருக்காது. அதிலுள்ள கேஸ் கொஞ்சம் கைகொடுக்கும். மீதி பளுவைத் தூக்குவது பேக்கிங் பவுடர். பீர் கொடுப்பது வேறு. முளைகட்டி வறுத்த பார்லியின் வாசனை, மெல்லிய கசப்பு. அந்தக் கசப்பு பக்கத்தில் நின்றால் சாக்லேட்டின் ருசி தூக்கலாகத் தெரியும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விஷயம் என்று நினைக்கவும் வேண்டாம். கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் அப்ப மாவைப் பொங்க வைத்தது கள். கோவாவில் ரொட்டி சுட்டவர்களும் தென்னங்கள்ளைத்தான் நம்பினார்கள். நம் பக்கம் 1987-ல் கள்ளுக்குத் தடை வந்ததோடு அந்த வழி அடைபட்டு, ஈஸ்டும் ஆப்ப சோடாவும் அடுப்படிக்குள் வந்துவிட்டன. தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்று ஒருவர் 1880-ல் பிஸ்கட் கம்பெனி ஆரம்பித்தார். 1883-ல் மர்டாக் பிரவுன் என்கிற தோட்டத் துரை, சீமையிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக்கை அவரிடம் காட்டி, 'இதே மாதிரி செய். மாஹேயில் பிரெஞ்சு பிராந்தி கிடைக்கும், அதை ஊற்று' என்றாராம். பாபு பிராந்திக்குப் போகவில்லை. முந்திரிப் பழமும் கதலிப் பழமும் போட்டுக் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கை ஊற்றிவிட்டார். துரை சாப்பிட்டுப் பார்த்து, இன்னும் ஒரு டஜன் கேட்டார் என்று சொல்வார்கள். நம் நாட்டு கிறிஸ்துமஸ் கேக்குக்கு அதுதான் பிள்ளையார் சுழி என்பார்கள். (துரை கேட்டால் டஜன், நான் செய்தால் நாய்கூடத் தொடவில்லை.)

இரண்டாவது ரொட்டி அற்புதமாக வந்தது. மேலே வெடிப்பு, உள்ளே கறுகறுவென்று ஈரப் பஞ்சு. தெரு முழுக்க வாசனை. அந்த நேரம் பார்த்து எலெக்ட்ரீஷியன் அண்ணன் அடுக்களை ஸ்விட்ச் போர்டைச் சரிபண்ண வந்தார்.

அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைத் தோளில் தூக்கி ஆற்றுத் திருவிழா காட்டியவர். நடுவில் பதினைந்து வருஷம் குடி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொண்டுபோனதே, அன்றைக்கு அவர் கள்ளக்குறிச்சியில் ஒரு கட்டடத்தில் வயரிங் வேலையில் இருந்தார். ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் பேசவில்லையாம். அப்படியும் உடனே விட முடியவில்லை. போன ஆடியில்தான் அண்ணி கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனார். ஆறு மாசமாகச் சுத்தம்.

"என்ன தம்பி, வாசனை தூக்குது?"

"சாக்லேட் ரொட்டிண்ணே" என்று ஒரு பெரிய துண்டை வெட்டித் தட்டில் வைத்து நீட்டிவிட்டேன். பீர் விஷயத்தைச் சொல்லவில்லை. அடுப்பில் ஒரு மணி நேரம் வெந்தது, எல்லாம் ஆவியாகிப் போயிருக்கும் என்ற நினைப்பு. நீங்களும் அப்படித்தானே நினைப்பீர்கள்?

அண்ணன் தட்டை வாங்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "முதல்ல இதைப் போட்டுக்கறேன். மறந்தா உங்க அண்ணி கொன்னுடுவா."

அட்டையில் டைசல்ஃபிரம் என்று போட்டிருந்தது. எனக்கு அந்தப் பேர் தெரியும். ஆபீஸில் ஒருவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் போகிற ஆல்கஹாலை உடம்பு படிப்படியாக உடைத்து வெளியே தள்ளும். இந்த மாத்திரை அதில் நடுப் படியில் குறுக்கே நின்றுவிடும். உடைபட்ட விஷம் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி... அந்த பயத்தில்தான் ஆள் தொடமாட்டான். இருமல் மருந்தில்கூட ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்த்துக் குடிக்கச் சொல்லித்தான் டாக்டர்கள் அனுப்புகிறார்கள்.

"அண்ணே, இருங்க!" என்று கத்தினேன். துண்டு வாய்க்கு அரை ஜாண் தூரத்தில் நின்றது.

சொன்னேன். அண்ணன் துண்டைத் தட்டில் வைத்தார். கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "வாசனை வேற மாதிரி இருக்கேன்னு நெனச்சேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்விட்ச் போர்டைக் கழற்ற ஆரம்பித்தார். அவர் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. என் கை நன்றாகவே நடுங்கியது.

அவர் போனபிறகு போனில் தேடிப் பார்த்தேன். அமெரிக்க விவசாயத் துறை இதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மாவில் கலந்து வேகவைத்தால் கால் மணியில் 40 சதவீத ஆல்கஹால் மிச்சம் இருக்குமாம். அரை மணியில் 35, ஒரு மணியில் 25. என் கணக்குக்கு, 5 சதவீத பீர் 325 மில்லியில் ஆல்கஹால் 16 மில்லி. வெந்தபின் மிச்சம் 4. பத்துத் துண்டு போட்டால் துண்டுக்கு அரை மில்லிக்கும் குறைவு. எனக்கும் மாமாவுக்கும் அது ஒன்றுமில்லை. அந்த மாத்திரை போட்டிருக்கிற அண்ணனிடம் போய் 'ஒன்றுமில்லை' என்று சொல்ல நான் யார்?

இதற்குள் அம்மா மீதி பாட்டிலைப் பார்த்துவிட்டார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். "சாமி வர்ற நாள்ல எல்லாருக்கும் இதைச் சொல்லாமக் குடுக்கறதாத்தானே இருந்தே?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையும் அதுதான்.

தை 4 அன்று ராத்திரி மூன்றாவது ரொட்டி. பீருக்கு பதில் சாதா சோடா 325 மில்லி. பார்லி வாசனைக்கு மூன்று ஸ்பூன் ஹார்லிக்ஸ். அதுவும் முளைகட்டின பார்லியில் செய்வதுதானே. கசப்புக்கு இரண்டு ஸ்பூன் கெட்டி டிகாக்ஷன். மற்றதெல்லாம் அதே அளவு, அதே மணல். பீர் ரொட்டி அளவுக்கு இருந்ததா என்றால், பொய் சொல்லக்கூடாது, ஒரு பிடி குறைவுதான். ஆனால் டிகாக்ஷன் நன்றாக எடுத்திருந்தது.

தை 5 அன்று ஆற்றிலிருந்து திரும்பும்போது அண்ணனும் அண்ணியும் வீட்டுக்கு வந்தார்கள். நான் தட்டை நீட்டியதும் அண்ணன் வாங்காமல் அண்ணியைப் பார்த்தார். அண்ணி துண்டை எடுத்து மோந்து பார்த்து, ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு, மென்று, முழுங்கி, பிறகுதான் அவர் கையில் கொடுத்தார். அண்ணன் மூன்று துண்டு சாப்பிட்டார்.

மாமா ஒரு துண்டு கடித்துவிட்டு என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "மாப்ளே, அதை ஊத்தலையா?"

"இல்லை மாமா."

"அப்போ மீதி?"

மீதியை அம்மா கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டிருந்தார். செடி இப்போது தளதளவென்று துளிர் விட்டிருக்கிறதாம். ரசத்துக்கு மட்டும் அம்மா பக்கத்து வீட்டிலிருந்துதான் கறிவேப்பிலை வாங்குகிறார்.