1847-ஐ நம்பாதீங்க!

அமெரிக்காவில் பழைய சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஸ்பூன் செட் மினுக்கும். பின்பக்கம் '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்று முத்திரை. 'அடேயப்பா, எத்தனை வருஷத்துப் பொருள்!' என்று வாயைப் பிளப்பீர்கள். கடைக்காரர் மறுக்க மாட்டார். லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்குக் கோபம்.

1847 அந்த ஸ்பூன் பிறந்த வருஷம் இல்லை சார்! கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் ரோஜர்ஸ் சகோதரர்கள் மின்முலாம் பூசும் தொழிலில் இறங்கிய வருஷம். 1862-ல் அந்தப் பெயர் மெரிடன் பிரிட்டானியா கம்பெனிக்குக் கைமாறியது. 1898-ல் உருவான இன்டர்நேஷனல் சில்வர் கம்பெனியும் அதே முத்திரையைப் பல பத்தாண்டுகள் குத்தித் தள்ளியது. 'ஃபர்ஸ்ட் லவ்' என்ற பிரபல டிசைன் வந்ததே 1937-ல்தான். அதிலும் 1847! அமெரிக்க சுங்க இலாகா கணக்கில் 'ஆன்டிக்' என்றால் 100 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். அப்போ இதற்குப் பேரு? பழசு. அவ்வளவுதான்.

சரி, வெள்ளியாவது தேறுமா? காமர்ஸ் படித்தவனுக்குக் கணக்குப் போடாமல் தூக்கம் வராது. 'ஸ்டாண்டர்டு பிளேட்' என்றால் ஒரு குரோஸ், அதாவது 144 டீஸ்பூனுக்கு 2 டிராய் அவுன்ஸ் வெள்ளி. சுமார் 62 கிராம். வகுத்துப் பாருங்கள்... ஒரு ஸ்பூனுக்கு அரை கிராம்கூட இல்லை! உள்ளே பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த நிக்கல் சில்வர். ஜெர்மன் சில்வர் என்போமே, அதே சரக்கு. பெயரில் மட்டும்தான் சில்வர். நம்ம பாஷையில் கவரிங்.

முலாம் பூசிய பொருளில் 'ஸ்டெர்லிங்' என்று குத்தக்கூடாது என 1906-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. முத்திரையைத்தான் சட்டம் தடுக்கும். 'எல்லாம் சில்வர்தான் மேடம்' என்கிற வாயை எது தடுக்கும்?

வாங்கவே கூடாதா? யார் சொன்னது! தாராளமா வாங்குங்க. சாப்பிட வாங்குங்க, பேரனுக்குச் சொத்து என்று நினைத்து வாங்காதீங்க. முள்கரண்டியின் முனையையும், ஸ்பூன் மேஜையில் உட்காரும் அடிப்பகுதியையும் வெளிச்சத்தில் பாருங்கள். வேறு நிறம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். திரும்ப முலாம் பூசுகிற கூலி பல நேரம் ஸ்பூன் விலையையே முழுங்கிவிடும். எவர் கல்யாணத்துக்கோ பொறித்த முதலெழுத்து இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 'சுரண்டி எடுத்துத் தர்றேன்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எழுத்தோடு வெள்ளியும் போய்விடும்.

கடைசியாக, 'சில்வர் பிளேட்' என்ற வார்த்தையையும் டிசைன் வெளிவந்த வருஷத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவைத் தேடுகிற மாதிரி நடித்தால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.