அலுமாரிக்குப் பலகை பார்க்கப் போனோம்



கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் 2009இல் காணாமலாக்கப்பட்டவர். அதற்காகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் ஓர் அலுமாரிக்குள். சீட்டுக்காசில் செய்வித்தது. "முதிரை எண்டு சொல்லித்தான் தந்தவங்கள் மிஸ்" என்றார். லாச்சியை இழுத்தேன். உள்ளே மாப்போலத் தூள் கொட்டிக் கிடந்தது. நல்ல காலம், காகிதங்களுக்கு ஒன்றுமில்லை.

பலகை வாங்கப் போனபோது, "ஆம்பிளை ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்களாம். கூட்டிப்போக யார்? காசைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சமூகவியல் பரீட்சையில் பெண் தலைமைக் குடும்பங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். மரக்காலையில் என்ன கேட்பது என்று எனக்கும் தெரியாது. ஆகவே தெரிந்த வயோதிபத் தச்சர் ஒருவரை இருவருமாகத் தேடிப் போனோம்.

அவர் முதலில் காட்டியது மரத்தின் பெயரையல்ல, வெட்டுமுகத்தை. நடுவில் கருமையாக இருப்பது வைரம். சுற்றி வெளிறிக் கிடப்பது வெள்ளைப் பகுதி. அதில் மாச்சத்து இருப்பதால் உளு அங்கேதான் விழும். எந்த உயர்ந்த மரமானாலும் வெள்ளைப் பகுதி உளுக்கும். அக்காவின் அலுமாரியில் நடந்தது அதுதான். சாயம் பூசி மறைத்திருக்கிறார்கள். இளமையில் வெட்டிய தேக்கிலும் வெள்ளை அதிகம். தேக்கு என்ற பெயருக்காக வாங்கிவிடாதீர்கள். சாயம், வார்னிஷ் பூச முன்னர் பலகையைப் பாருங்கள். பின்பக்கத்தையும் லாச்சியின் அடியையும் கட்டாயம் பாருங்கள்.

முதிரை பொன்நிறம், மினுக்கம், நல்ல பாரம். ஒரு கன மீற்றர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ என்றால், முதிரை 900க்கும் மேல். துளை போடாமல் ஆணி அடித்தால் வெடிக்கும். பலா மஞ்சளாக இருந்து நாட்பட மண்ணிறமாகும். ஆனால் வீட்டு வளவில் நிற்கும் பலாவையும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஈரப்பலாவுக்கும் பெண் பனைக்கும் அதுவே. முதிரை, பாலை போன்ற காட்டு மரங்களை ஏற்றியிறக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். மலிவென்று இரவில் வரும் பலகையை வாங்கினால் மாட்டுப்படுவது நாங்கள்தான்.

கணக்கும் சொல்லித் தந்தார். நீளத்தை அடியிலும் அகலத்தையும் தடிப்பையும் அங்குலத்திலும் அளந்து பெருக்கி, 144ஆல் பிரித்தால் கன அடி. 6 அடி நீளம், 12 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு என்றால் அரைக் கன அடி. அக்கா கையிலிருந்த பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தார். முதல் வாங்கியதில் அளவிலும் குறைத்திருக்கிறார்கள். சிறிது நேரம் அவர் பேசவேயில்லை.

இன்னொன்றை எங்கள் பகுதியில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பலகையில் கறுநீலக் கறை தெரிந்தால், உள்ளே இரும்பு கிடக்கக்கூடும். ஷெல் துண்டுதான். வாள் அலகு முறிந்து அரிபவரின் முகத்தில் பட்டாலும் படும். தச்சர் ஒரு போத்தலில் அப்படி எடுத்த துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசியில் அக்கா தெரிந்தது வேம்பு. காற்றில் விழுந்த சொந்த வளவு மரம். அரிவிக்கும்போது பக்கத்திலேயே நின்று, வெள்ளைப் பகுதியைத் தனியாகப் போடச் சொன்னார். "ஈரப் பலகையில செய்தா கதவு கோணும், பொறுங்கோ பிள்ளை" என்று தச்சர் சொன்னதால், பலகைகள் இப்போது விறாந்தையில் நிழலில், இடையிடையே சட்டம் வைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே பாரத்துக்குக் கல். சில மாதங்கள் போகும். அதுவரை ஃபைல் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள், சுவாமிப் படத்துக்குக் கீழே இருக்கிறது.